ஃபெய்த்ஃபுலிக்கு எங்கே இடம்?

ஆங்கில வினையடை என்றால் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வால் ஒட்டுகிற வேலை. பெயரடையோடு 'லி' சேர்த்தால் தீர்ந்தது. ஸ்லோ, ஸ்லோலி ஆகும். குயிக், குயிக்லி ஆகும். இந்தச் சூத்திரத்தை நம்பி 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி' என்று எழுதிய விடைத்தாள்கள் ஆண்டுதோறும் என் மேசைக்கு வருகின்றன. ஹார்ட் என்றே விட்டிருக்க வேண்டும். ஹார்ட்லி என்றதும் உழைப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. லேட், லேட்லி கதையும் இதுதான். ஃபாஸ்டுக்கு வாலே கிடையாது; ஃப்ரெண்ட்லிக்கு வால் இருந்தும் அது பெயரடை.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்து தப்பித்துவிடலாம். வம்பு, வினையடையை எங்கே உட்காரவைப்பது என்பதில்தான். அந்த வம்பு ஒருமுறை அமெரிக்க அதிபரையே பிடித்தது.

2009 ஜனவரி 20. ஒபாமா பதவியேற்கிறார். உறுதிமொழி வாசகம் அமெரிக்க அரசியலமைப்பில் எழுதப்பட்டிருப்பது. மொத்தம் 35 சொற்கள். அதில் ஃபெய்த்ஃபுலி, 'வில்' என்ற துணைவினைக்கும் 'எக்ஸிக்யூட்' என்ற வினைக்கும் நடுவில் நிற்கிறது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தாள் பார்க்காமல் சொல்லிக்கொடுத்தார்; அந்தச் சொல்லை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டார். சட்டம் படித்த ஒபாமா பாதியில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். ராபர்ட்ஸ் திருத்த முயன்று தடுமாற, கடைசியில் ஒபாமாவும் அந்தத் தவறான வரிசையிலேயே சொல்லி முடித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் வெள்ளை மாளிகையின் மேப் ரூமில் மறுபடியும் உறுதிமொழி எடுத்தார்கள்.

மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் இதற்கு ஒரு காரணம் சொன்னார். துணைவினையையும் வினையையும் பிரித்து நடுவில் வினையடை வைக்கக் கூடாது என்றொரு பழைய ஆசாரம் உண்டு. ராபர்ட்ஸின் மனதுக்குள் இருந்துகொண்டு அதுதான் வேலை செய்தது என்றார். வெறும் பதற்றமாகவும் இருக்கலாம். ஆனாலும் இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற எனக்குப் பிங்கரின் விளக்கமே பிடித்திருக்கிறது. அந்த ஆசாரத்துக்கு ஆங்கிலத்தில் ஆதாரம் கிடையாது. நல்ல எழுத்தாளர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தியதும் இல்லை. 'டு'வையும் வினையையும் பிரிக்காதே என்ற தடையும் இதன் உடன்பிறப்புதான். அதைக் கண்டு மிரள்கிறவர்களை, ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர் 1926-லேயே அதில் கிண்டல் செய்துவிட்டார்.

ஃபெய்த்ஃபுலி கடைசிக்குப் போனதால் பொருள் ஒன்றும் கெடவில்லை. 'ஒன்லி' அப்படிப்பட்டதல்ல. 'ஒன்லி ரவி ஈட்ஸ் ஃபிஷ்' என்றால் வீட்டில் வேறு யாரும் மீன் தொடுவதில்லை. 'ரவி ஈட்ஸ் ஒன்லி ஃபிஷ்' என்றால் ரவிக்குச் சோறுகூட வேண்டாம். நாம் 'மட்டும்', 'தான்' என்பவற்றை உரிய சொல்லின் பின்னாலேயே ஒட்டிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் 'டுமாரோ ஒன்லி ஐ வில் கம்' என்று நம் வாயில் வருகிறது.

வினையடையை உரிய இடத்தில் சேர்க்கச் சொல்லும் கேள்வியில் விடைக்குறிப்பு ஒரே இடத்தைத்தான் காட்டும். ஒன்லி இடம் மாறியிருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். மற்றவை எங்கே நின்றாலும், பொருள் கெடாதவரை, முழு மதிப்பெண்தான்.