பசியின் நகரில் உண்ணுதல்

வரும் கோடையில் நார்வே செல்லவிருக்கும் இதழ் நண்பர்கள் இருவர், ஓஸ்லோவில் எங்கே சாப்பிடலாம் என்று எங்களிடம் கேட்டிருந்தார்கள். 2018 செப்டம்பரில் அந்நகரில் பதினொரு நாள்கள் தங்கினோம் என்பதற்கு மேல் இதுபற்றிச் சொல்ல எங்களுக்குத் தகுதி ஏதுமில்லை. உணவகங்களைத் தரம் பிரிக்கும் நாக்கும் எங்களுக்கில்லை. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வங்கியில் கணக்கு எழுதுபவர், அத்துடன் முழுச் சைவம். ஆகவே இக்குறிப்புகளில் இலக்கியமும் கணக்கும் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். பொறுத்தருள்க.

ஓஸ்லோவை இலக்கிய வாசகர் முதலில் அறிவது அங்குள்ள உணவின் வழியாக அன்று, பசியின் வழியாக. நட் ஹாம்சனின் ‘பசி’ 1890இல் வெளிவந்தபோது நகரின் பெயர் கிறிஸ்தியானியா. 1925இல்தான் அது ஓஸ்லோ ஆயிற்று. எழுதிப் பிழைக்க முயலும் ஓர் இளைஞன் அந்நாவல் முழுக்க வயிறு காய்ந்து தெருத்தெருவாக அலைகிறான். நாய்க்கென்று பொய் சொல்லிக் கசாப்புக்காரரிடம் ஓர் எலும்பை வாங்கி, மறைவில் நின்று தானே கடிக்கிறான். பிச்சை கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. பொய் சொல்ல இடம் கொடுக்கிறது. க.நா.சு.வின் மொழிபெயர்ப்பில் ஹாம்சனின் ‘நிலவளம்’ படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த மனிதரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. (பின்னாளில் ஹிட்லரின் படைகளை அவர் வரவேற்றதை நார்வே மறக்கவில்லை, அது தனியே பேசவேண்டியது.) பேராலயத்தின் பின்னால் செங்கல் வளைவுகளோடு நிற்கும் பசார் மண்டபங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக் கடைகளாக இருந்தவை. இப்போது அங்கே காபிக் கடைகளும் கைவினைக் கடைகளும் உள்ளன. நாங்கள் முதல் நாள் காபி அருந்தியது அங்கேதான். ஒரு கோப்பை ஏறத்தாழ 40 குரோனர். அன்றைய மதிப்பில் முந்நூற்றைம்பது ரூபாய். வங்கிக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த விலைக்குப் பழகிக்கொள்ளச் சில செய்திகள் உதவும். நார்வேயில் உணவை உட்கார்ந்து உண்டால் அதன் மீதான மதிப்புக் கூட்டு வரி 25 விழுக்காடு. கட்டி எடுத்துச் சென்றால் 15 விழுக்காடு. கடையில் ‘இங்கேயா, கையிலா?’ என்று கேட்பது உபசாரத்துக்காக அல்ல. குழாய்த் தண்ணீர் மிக நன்று. கேட்டால் பெரும்பாலும் காசில்லாமல் கொண்டுவந்து வைப்பார்கள். கேட்காவிட்டால் புட்டியில் விற்பார்கள். வீடுகளில் பெரிய சாப்பாட்டை மாலை நான்கு, ஐந்து மணிக்கே முடித்துவிடுகிறார்கள். மதியத்துக்கு ரொட்டித் துண்டுகளைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் செல்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கத் துண்டுகளுக்கு இடையே வைப்பதற்கென்றே தனித்தாள் விற்கிறது. அமைச்சர் முதல் கொத்தனார் வரை இந்தப் பொட்டலம்தான். எனவே வெளியே போய் உண்பது அங்கே அன்றாடப் பழக்கம் அல்ல, அது ஒரு நிகழ்ச்சி. நம்மூர் மெஸ் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு மதியம் பன்னிரண்டுக்குத் தெருவில் இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்தப் பொட்டலத்தின் பின்னாலும் பசியின் வரலாறு ஒன்று உண்டு. 1930களில் பேராசிரியர் கார்ல் ஷியோட்ஸ் என்பார், ஓஸ்லோப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்காத காலையுணவு ஒன்றை வகுத்தார். தவிட்டு ரொட்டி, பாலாடைக்கட்டி, பால், பச்சைக் கேரட் அல்லது ஒரு பழம். ‘ஓஸ்லோக் காலையுணவு’ என்றே பிறநாடுகளிலும் அது பெயர் பெற்றது. ஹாம்சனின் நாயகன் அலைந்த தெருக்களிலேயே, ஒரு தலைமுறைக்குப் பின், நகரம் தன் குழந்தைகளை உட்காரவைத்துச் சோறிட்டது. நாவலுக்கு எழுதப்படாமல் போன பின்னிணைப்பாக இது எங்களுக்குத் தோன்றியது.

இனி இடங்கள். ரோசன்கிராண்ட்ஸ் தெருவில் இருந்த காஃபிஸ்தோவாவை முதலில் சொல்வோம். 1901இல், நாட்டுப்புறத்திலிருந்து தலைநகருக்கு வந்த இளைஞர்களின் சங்கம் ஒன்று இதைத் தொடங்கியது. நார்வே மொழிக்கு எழுத்துவடிவங்கள் இரண்டு என்பது நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். டேனிய ஆட்சியின் எச்சத்திலிருந்து வளர்ந்தது ஒன்று. ஈவார் ஓசன் கிராமத்துப் பேச்சு வழக்குகளைத் திரட்டி உருவாக்கிய நீநோர்ஸ்க் மற்றொன்று. அந்தச் சங்கம் இரண்டாவதன் பக்கம் நின்றது. நகரத்தார் ஏளனம் செய்யாமல் சொந்தப் பேச்சில் பேசவும், ஊர்ச் சாப்பாட்டை உண்ணவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். மொழிப் போராட்டத்துக்கு ஒரு சமையற்கட்டு துணைநின்ற செய்தி, தமிழாசிரியர் வயிற்றில் பால் வார்ப்பதுதானே?

நாங்கள் சென்ற நாள் செப்டம்பரின் கடைசி வியாழன். அன்று ஃபோரிகோல் திருநாள் என்பது உள்ளே சென்ற பின்னரே தெரிந்தது. ஃபோரிகோல் என்பது ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் மாற்றி மாற்றி அடுக்கி, உப்பும் முழு மிளகும் இட்டு, மணிக்கணக்கில் வேகவைப்பது. 1972இல் வானொலி நிகழ்ச்சியொன்று இதைத் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தது. 2014இல் வேளாண் அமைச்சர் மீண்டும் ஒரு போட்டி நடத்திப் பார்த்தபோதும் இதுவே வென்றது. தட்டில் பார்க்க அழகாயிராது. வெளிறிய கோசும் சாம்பல் நிற இறைச்சியும் அவித்த உருளைக்கிழங்கும்தான். ஆனால் எலும்போடு வெந்த சாறு கோசுக்குள் ஊறி, நடுவில் ஒரு மிளகு கடிபடும்போது நாக்கு விழித்துக்கொள்கிறது. சங்கப் பாடல்களில் ‘கறி’ என்றால் மிளகு என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். வேறு எந்த மசாலையும் இல்லாமல் மிளகு ஒன்றையே நம்பி நிற்கும் அந்தப் பதார்த்தத்தில்தான் அச்சொல்லின் நியாயம் விளங்கிற்று. எங்களில் சைவரானவர் ரம்மெக்ரோத் வாங்கினார். புளித்த பாலாடையில் மாவு கரைத்துக் காய்ச்சிய கூழ், மேலே உருகிய வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள். பக்கத்தில் வைக்கும் உப்பிட்ட இறைச்சியை வேண்டாமென்று முன்னரே சொல்லிவிட வேண்டும். பாதிக் கிண்ணத்துக்கே மாலை வரை பசிக்கவில்லை.

கார்ல் யோஹான் வீதியில் கிராண்ட் கஃபே இருக்கிறது. 1891இல் நாடு திரும்பிய இப்சன் தம் வீட்டிலிருந்து நாள் தவறாமல் இங்கு நடந்து வருவார். அவர் வரும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்வார்களாம். சுவரில் பெர் க்ரோக் தீட்டிய பெரிய ஓவியத்தில் அக்காலத்துக் கலைஞர் கூட்டம் முழுதும் அமர்ந்திருக்கிறது, இப்சனும் உண்டு. ஓவியத்துக்காகப் போகலாம். 1857 முதல் நடக்கும் எங்கேப்ரெட்டும், தேசிய நாடக அரங்குக்கு எதிரே 1900இல் திறந்த தியாட்டர் கஃபேயும் இவ்வகையின. 2016இல் மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்ற மாயெமோவைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு: வாசல் வரை சென்று வந்தோம்.

எங்கள் ஓஸ்லோ நாள்களில் நினைவில் நிற்பது இவை எவையும் அல்ல; பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் உணவகம். அங்கே எங்களை அழைத்துச் சென்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் பிற்பகுதியில் மாணவராக வந்து, வடகோடியில் ஃபின்மார்க் மீன் ஆலையில் சில ஆண்டுகள் வேலை செய்து, பின் தலைநகர் வந்தவர். இப்போது பேருந்து ஓட்டுகிறார். சிற்றிதழ் ஒன்றில் வந்த வாசகர் கடிதத்தின் வழி எங்களுக்கு அறிமுகமானவர். நாங்கள் அவரை அண்ணன் என்றே அழைப்போம். அவர் எங்களில் ஒருவரை ‘சேர்’ என்றும் மற்றவரைத் ‘தங்கச்சி’ என்றும் அழைப்பார்.

அவ்வுணவகத்தின் கதவருகே சற்று நின்றார். “சேர், இஞ்ச நான் ஏழு வருசம் கோப்பை கழுவினனான். பின்பக்கத்தாலை வந்து பின்பக்கத்தாலை போறது. முன்வாசலாலை ஒருநாளும் வந்ததில்லை.” குரலில் குறை ஏதுமில்லை. நல்ல மனிதர்கள், நேரத்துக்குச் சம்பளம் தந்தவர்கள் என்றே சொன்னார். உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது, முன்னால் இருந்த வெற்றுத் தட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியிலிருந்த முத்திரையைப் பார்த்தது. ஃபிக்யோ, நார்வேயிலேயே செய்யும் பீங்கான். “அதே கொம்பனிதான்” என்று திரும்ப வைத்தார்.

பரிமாற வந்த பெண் ஸ்வீடன் நாட்டவர். “தங்கச்சி மச்சம் சாப்பிடமாட்டா” என்பதை அண்ணன் நார்வே மொழியில் சொன்னார். அந்தப் பெண் ஸ்வீடிஷில் பதில் சொன்னார். இருவரும் தத்தம் மொழியை விடாமலே காளானும் பார்லியும் சேர்ந்த ஓர் உணவுக்கு உடன்பாடு கண்டனர். யாழ்ப்பாணத் தமிழும் எங்கள் தமிழும் அதே மேசையில் அவ்வாறே நடந்துகொண்டிருந்தன. அண்ணன் காட் மீன் வாங்கினார். மெல்ல, மிக ஒழுங்காக உண்டார். எல்லோரும் முடித்ததும் அவர் கைகள் தாமாகவே இயங்கின: மிச்சத்தை ஒரு தட்டில் ஒதுக்கி, தட்டுகளை அடுக்கி, கரண்டிகளை ஒரே திசையில் மேலே வைத்தார். ஸ்வீடன் பெண் சிரித்து ஏதோ சொன்னார். அவர் முகம் சிவந்துவிட்டது. என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

கைகழுவ எழுந்து சென்றவர் திரும்பி வருவதற்குள் பணம் கட்டிவிட்டிருந்தார். தமிழர் உலகில் எங்கு போனாலும் மறக்காத தந்திரம் இது. நாங்கள் எவ்வளவு என்று விடாமல் கேட்டோம். ஏறத்தாழ 900 குரோனர். வங்கிக்காரர் உதடு அசையாமல் பெருக்கத் தொடங்கியதை அவர் கண்டுகொண்டார்.

“இந்தக் காசை ரூபாயாக்கிப் பார்க்காதேங்கோ, தங்கச்சி. நான் இருபது வருசம் அப்பிடிப் பார்த்துப் பார்த்துத்தான் வெளியிலை ஒருவாய் சாப்பிடாமல் இருந்தனான். இருநூறு குரோனர் எண்டால் ஊரிலை அம்மாவுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு. அது தெரிஞ்சுகொண்டு எப்பிடி விழுங்கிறது? இப்ப அம்மாவும் இல்லை.”

ஹாம்சனின் நாயகனுக்கு வாங்கக் காசில்லை. இவரிடம் காசு இருந்தது. அது வேறொருவர் வாய்க்கு உரியதாக இருந்தது. இந்த இரண்டாம் பசியை எழுதிய நாவல் எதையும் நாங்கள் இதுவரை படித்ததில்லை. அடுத்த நாளிலிருந்து நாங்கள் பெருக்கிப் பார்ப்பதை நிறுத்தினோம். வங்கிக்காரருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

குரோன்லாண்ட் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1975இல் குடியேற்றம் நிறுத்தப்படுவதற்கு முன் வேலைக்கு வந்த பாகிஸ்தானியர் வேரூன்றிய இடம் இது. பருப்பும் நானும் நகரின் மற்ற பகுதிகளைவிடக் குறைந்த விலையில் கிடைத்தன. முருங்கைக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கடைகளில் உண்டு. சைவ நண்பர்கள் இரண்டு வேளையை இங்கே கழித்துவிட்டால் பணப்பை பிழைக்கும்.

அருகில் ஓடும் ஆகெர்ஸ் ஆற்றை ஒட்டி வடக்கே மேல்நோக்கி நடந்தால், நகரின் பழைய ஆலைகளெல்லாம் வரிசையாக வரும். வுல்கான் என்னுமிடத்தில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் 2012இல் திறந்த மாத்தாலன் என்ற உணவுக்கூடம் இருக்கிறது. மீனும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தனித்தனிக் கடைகளாக விரிந்திருக்கும் இடம். பார்க்க அழகு, உண்ண விலை. அதைத் தாண்டி மரிதால் சாலையில் ஸீவர்கியோஸ்க்கென் என்ற சிறு பெட்டிக்கடையில் சாஸேஜை உருளைக்கிழங்கு மாவில் இட்ட மெல்லிய ரொட்டியில் சுருட்டித் தருகிறார்கள். அசைவர்கள் நின்றுகொண்டே உண்ணலாம்.

இன்னும் மேலே பெயெர் பாலம். பாலத்தில் ஆலைப் பெண்கள் நால்வரின் சிலை. அருவிக்கருகே சிவப்பு மரவீடு ஒன்று. அதன் பெயர் ஹோன்சே-லொவீசா வீடு. இவ்வாற்றங்கரை ஆலைப் பெண்களின் வாழ்வை எழுதியவர் ஆஸ்கர் ப்ரோத்தன். அவருடைய ‘குழந்தை’ என்ற 1911ஆம் ஆண்டு நாடகத்தில், வேலைக்குச் செல்லும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிழவி லொவீசா. கற்பனைப் பாத்திரம் ஒன்றின் பெயரில் காபிக்கடை நடத்துகிறார்கள் என்பதற்காகவே நாங்கள் இருமுறை சென்றோம். இங்கே வாங்கவேண்டியது வாஃபிள். இதய வடிவில் ஐந்து மடல், மேலே பழப்பாகும் புளித்த பாலாடையும். அல்லது பழுப்புப் பாலாடைக்கட்டி. இந்தக் கட்டி, பால் திரிந்து பிரிந்த நீரைப் பழுப்பாகும்வரை சுண்டக் காய்ச்சிச் செய்வது. 1863இல் குட்பிரான்ஸ் பள்ளத்தாக்கில் ஆன் ஹோவ் என்ற குடியானவப் பெண் அதில் பாலாடையைச் சேர்த்துப் பார்த்ததில் இன்றைய வடிவம் பிறந்தது. திரட்டுப்பாலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாற்போன்ற சுவை. முதல் கடியில் விசித்திரம், மூன்றாம் கடியில் பழக்கம். வெளியே அருவியோரம் பலகைகள் இட்டிருக்கிறார்கள். வாஃபிளைச் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள். ஆறிவிட்டால் தோல்போல் இழுக்கும்.