மாமனாரும் 300 பல்புகளும்

மாமனார் வீட்டில் மாப்பிள்ளை செய்யக்கூடாத காரியங்கள் மூன்று. கேசரியை மூன்றாவது தடவை கேட்பது. மச்சானுக்குக் கைமாற்றுக் கொடுப்பது. நாலு பேர் முன்னால், "இது என்ன பிரமாதம், நானே செஞ்சு தர்றேன்" என்று சொல்வது. முதல் இரண்டையும் செய்துவிட்டுத் தப்பித்தவன் நான். மூன்றாவதில் வகையாக மாட்டிக்கொண்டேன்.

இடம், பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். காலம், 2023 ஆனி மாதக் கடைசி. மாரியம்மன் திருவிழாவுக்காக ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் என் மாமனாரைப் பார்க்க வந்திருந்தார்கள்.

"டவுன்லேருந்து லைட் போர்டு எடுத்தா வாடகை கட்டுப்படி ஆகலைங்க. உங்க பழைய தாமரை போர்டு இருக்குதுங்களா?"

மாமனார் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வித்துட்டேன். எடைக்கு."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. அந்த மௌனம் தாங்காமல்தான் நான் வாயைத் திறந்தேன். மீதியை நீங்கள் மேலேயே படித்துவிட்டீர்கள்.

* * *

என்னைப் பற்றிக் கொஞ்சம். தர்மபுரியில் ஓர் ஆபீஸில் கிளார்க். பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை ஃபைலைத் தள்ளுவேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவேன். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், செல்போனில் சினிமா பார்ப்பார்கள். எனக்கு எல்.ஈ.டி. பைத்தியம். லீவு கிடைத்தால் ரயில் ஏறி பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போய், சின்னச் சின்னக் கடைகளில் எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவேன். விலையை மனைவியிடம் சொல்லும்போது மட்டும் ஒரு சைபரை விழுங்கிவிடுவேன். ஜீரணமாகிவிடும்.

என் பைத்தியத்துக்குக் காரணம் டபிள்யூ.எஸ். 2812பி என்ற பொடிப்பயல். அகலம் 5 மில்லிமீட்டர், நீளமும் அவ்வளவே. அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். கூடவே கடுகளவு மூளை ஒன்று. இப்படி மீட்டருக்கு 60 பேர் நாடாவில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் வரிசை நெடுக நடப்பதில்லை. வாளியை முதல் இலைக்காரரிடம் கொடுத்துவிடுகிறார். அவர் தனக்கு மூன்று கரண்டி எடுத்துக்கொண்டு, வாளியைப் பக்கத்து இலைக்குத் தள்ளுகிறார். அவரும் மூன்று கரண்டி. இப்படியே கடைசி இலை வரை. அந்த மூன்று கரண்டிதான் எவ்வளவு பச்சை, எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்ற கணக்கு. ஒவ்வொன்றிலும் 256 அளவு. பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறங்கள். (அத்தனையிலும் என் மனைவியின் பட்டுச்சேலைக்கு மேட்சாக ஒன்றுகூட இல்லையாம்.) 300 இலைக்கும் பரிமாறி முடிக்க 9 மில்லி செகண்ட் போதும். நம் ஊர்ப் பந்தியில் அதற்குள் உப்புகூட வைத்திருக்க மாட்டார்கள்.

வாளியில் என்ன போடுவது என்று தீர்மானிக்கும் சமையற்காரர், ஆர்டுயினோ என்ற உள்ளங்கை அகல போர்டு. இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் 2005-ல், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாத டிசைன் மாணவர்களும் பயன்படுத்தட்டும் என்று செய்தது. அங்கே இருந்த ஒரு மதுக்கடையின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். இந்த விஷயத்தை மாமனாரிடம் இதுவரை சொல்லவில்லை. அம்மன் கோயில் வேலை பாருங்கள்.

* * *

மாமனார் 1984-லிருந்து பென்னாகரம் வட்டாரத்தில் மைக் செட், சீரியல் செட் வைத்திருந்தவர். அந்தக் காலத்து சீரியல் செட் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 6 வோல்ட் பல்பு நாற்பதை ஒரே வயரில் கோத்து, நேராக 230 வோல்ட்டில் சொருகுவார்கள். ஒரு பல்பு போனால் நாற்பதும் போச்சு. எது போனது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பதற்குள் சாமி ஊர்வலம் முடிந்து கோயிலுக்கே திரும்பிவிடும்.

அவருடைய பெருமை அந்தத் தாமரை போர்டு. எட்டு இதழ். ஒவ்வொரு இதழாக விரிந்து கடைசியில் முழுத் தாமரையாக நிற்கும். உள்ளே சிப்பும் கிடையாது, சாஃப்ட்வேரும் கிடையாது. மரத்தில் கடைந்த ஓர் உருளை. டால்டா டின்னை வெட்டி அதன்மேல் படிப்படியாக ஆணி அடித்திருப்பார். பக்கத்தில் எட்டுச் செப்புத் தகடுகள் அந்த டின்னை உரசிக்கொண்டு நிற்கும். ஒரு சின்ன மோட்டார் உருளையை மெதுவாகச் சுற்றும். டின் எந்தத் தகட்டைத் தொடுகிறதோ அந்த இதழ் எரியும். யோசித்துப் பாருங்கள், அதுவும் புரோகிராம்தான். நான் கீபோர்டில் எழுதுகிறேன். அவர் சுத்தியலால் எழுதியிருக்கிறார்.

பிறகு டவுன்களிலிருந்து பிரம்மாண்டமான போர்டுகள் வாடகைக்கு வர ஆரம்பித்தன. மாமனாருக்குக் கையிலும் நடுக்கம் வந்தது. 2016-ல் கடையைச் சாத்தினார். 2020-ல் மாமியார் போன பிறகு திருவிழாவுக்குப் போவதையும் விட்டுவிட்டார். "கூட்டத்துல நிக்க முடியலை மாப்ள" என்பார். அது காரணமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

* * *

வாக்குக் கொடுத்த பிறகு பின்வாங்கினால், அது அதியமான் ஆண்ட மண்ணுக்கே அவமானம்! 5 மீட்டர் நாடா வாங்கி வெட்டினேன். இதழுக்கு 36 வீதம் எட்டு இதழுக்கு 288. நடு மொட்டுக்கு 12. ஆக 300. பிளைவுட்டில் ஒட்டி, துண்டுக்குத் துண்டு மூன்று வயர் வைத்து ஈயத்தால் பற்ற வைத்தேன். பதினைந்து நாள் ராத்திரி வேலை. ஆபீஸில் கொட்டாவி விட்டதற்கு மேலதிகாரி அர்த்தபுஷ்டியோடு சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்?

மாமனார் வீட்டுத் திண்ணையில் ஒத்திகை. ஸ்விட்சைப் போட்டேன். 300 விளக்கும் கன்னாபின்னாவென்று துடித்தன. பச்சை, ஊதா, வெள்ளை என்று கண்டபடி ஆட்டம்.

"விளக்குக்கே சாமி வந்துடுச்சு" என்றாள் என் மனைவி.

அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தபிறகுதான் தெரிந்தது. ஆர்டுயினோவின் நெகட்டிவையும் விளக்குகளின் நெகட்டிவையும் நான் சேர்க்கவேயில்லை. இரண்டு பேர் உயரத்தை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே தரையில் நிற்க வேண்டாமா? ஒருவன் திண்ணையிலும் ஒருவன் தெருவிலும் நின்றால் எப்படி? வயரைச் சேர்த்ததும் சாமி மலையேறியது.

தாமரை விரிந்தது. முதல் இதழ் பால் வெள்ளை. நாலாவது இதழ் லேசாக மஞ்சள். எட்டாவது இதழ் செங்கல் சிவப்பு! புரோகிராமில் எல்லாவற்றுக்கும் வெள்ளை என்றுதான் எழுதியிருந்தேன். லேப்டாப்பைத் திறந்து வரி வரியாகத் தேடினேன். தப்பே இல்லை.

ஈஸிசேரில் இருந்த மாமனார் எழுந்து வந்தார். போர்டின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்தார்.

"கரண்ட் எந்தப் பக்கம் குடுத்திருக்கீங்க?"

"முதல் இதழ்ல மாமா."

"தலைக்கு மட்டும் ஊட்டினா வாலு பட்டினிதான் கிடக்கும். கடைசி இதழுக்கும் தனியா ரெண்டு வயர் இழுங்க. தடி வயரா இழுங்க."

இழுத்தேன். எட்டாவது இதழும் வெளுத்துவிட்டது.

விஷயம் இதுதான். 300 விளக்கும் முழு வெள்ளையில் எரிந்தால் 18 ஆம்பியர் வேண்டும். காகிதம் மாதிரி மெல்லிய நாடாவில் அவ்வளவு கரண்ட் ஓடும்போது, போகிற வழியிலேயே வோல்டேஜ் தேய்ந்துவிடும். சிவப்பு விளக்குக்குச் சுமார் 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வேண்டும். பற்றாக்குறை வந்தால் முதலில் சுருண்டு படுப்பது அவை இரண்டும். மிஞ்சுவது சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி.யை நிக் ஹோலன்யாக் 1962-லேயே செய்துவிட்டார். பளிச்சென்ற நீலத்துக்கு உலகம் 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் நகாமுரா செய்து காட்டினார். அந்த நீலத்துக்காக 2014-ல் அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிறப்பதிலும் கஷ்டம், எரிவதிலும் கஷ்டம். நீலம் அப்படிப்பட்ட ஜாதகம்!

தூரம் போனால் கரண்ட் களைக்கும் என்பது நம் காவிரிக்கு நன்றாகத் தெரியும். ஹொகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகத்தில் சிவனசமுத்திரத்தில் 1902-ல் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தள்ளிக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அதற்காக வோல்டேஜைப் பல ஆயிரக்கணக்கில் ஏற்ற வேண்டியிருந்தது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவன் நான். மாமனார் படித்தது, கோயிலிலிருந்து ஊர்க் கோடி வரை டியூப் லைட் கட்டி, கடைசி லைட் கண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து.

"இதுல ஒரு பல்பு போனா என்னாகும்?" என்று கேட்டார்.

"அது வாளியைத் தள்ளாது மாமா. அதுக்கப்புறம் இருக்கறதெல்லாம் பட்டினி."

"அப்ப இதுவும் சீரியல் செட்டுதானே!"

நாலு வருஷம் கழித்து அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பிறகு எரிகிற நாடாவைச் சுட்டிக்காட்டி, "இதுல எத்தனை வோல்ட் ஓடுது?" என்றார்.

"வெறும் 5."

"தொடலாமா?"

"தொடலாம் மாமா. 230 எல்லாம் அந்த மூடின பெட்டிக்குள்ளே இருக்கு. ஷாக் அடிச்சா ட்ரிப் ஆகற ஸ்விட்சும் போட்டிருக்கேன். 18 ஆம்பியர்ல வயர் காயுமே தவிர ஆளை அடிக்காது. அதுக்கும் ஃபியூஸ் இருக்கு."

வலது கையை வைத்தார். அந்த உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டு. சுட்டுவிரல் நிமிராது. 1991-ல் மழை ராத்திரியில் தாமரை போர்டு ஷாக் அடித்துத் தூக்கி எறிந்ததில் மிஞ்சியது. கையை எடுக்கவே மனமில்லாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தார். விரல் இடுக்குகளில் வெளிச்சம் வழிந்தது. "அப்பவே இது வந்திருக்கக்கூடாதா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

* * *

திருவிழா ராத்திரி. கோயில் வாசலில் போர்டு ஏறியது. மாமனார் வந்தார், சலவை வேட்டியோடு. "மழை வந்தா மூடறதுக்கு ஆள் வேணும்ல" என்று சொல்லிக்கொண்டார். வானத்தில் மேகமே இல்லை.

தாமரை விரிந்தது. எட்டு இதழும் சொல்லி வைத்த மாதிரி, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. பையன்கள் விசில் அடித்தார்கள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

ஒரு பாட்டி மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமனாரிடம் வந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா ஆத்தா கண்ணு சிமிட்டலையே?"

எனக்குப் புரியவில்லை. மாமனார் என்னைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னார்.

பழைய உருளையில் டால்டா டின்னின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. முழுத் தாமரையும் எரிகிற நேரத்தில் தகடுகள் அந்த இடைவெளியைத் தாண்டும். ஒரு கணம் எல்லாமே அணைந்து எரியும். அவர் கணக்கில் அது கோளாறு. ஊர்க் கணக்கில் அம்மன் கண் சிமிட்டுகிறாள்!

"அந்த ஒட்டை மறைக்க எத்தனையோ தடவை பார்த்தேன் மாப்ள. முடியலை. ஜனங்க அதைப் பார்த்துத்தான் கன்னத்துல போட்டுக்குவாங்க. அப்புறம் விட்டுட்டேன்."

மேடைக்கு அடியில் குனிந்து லேப்டாப்பைத் திறந்தேன். எட்டாவது இதழுக்குப் பிறகு எல்லாவற்றையும் அணை. சும்மா இரு, 200 மில்லி செகண்ட். மறுபடி ஏற்று.

மாமனார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க." 250. "ஹூம்... இன்னும் துளி." 300. "ஆங், இதான். நிறுத்துங்க."

தாமரை விரிந்தது. நின்றது. ஒரு கணம் இருட்டு. மறுபடி வெளிச்சம்.

பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தேன். மாமனாரும் போட்டுக்கொண்டிருந்தார், அது டால்டா டின் என்று தெரிந்திருந்தும்.

என் புரோகிராமில் மொத்தம் 120 வரி. ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து எழுதியவை. அவற்றில் ஊரே கும்பிட்டது, எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும் அந்த ஒரு வரியை. ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பொறாமை வரவில்லை. ஏனென்றால் அந்த ஒரு வரியை எழுதியது நானில்லை.

போன வாரம் மாமனார் போன் செய்தார். "மாப்ள, மயில் ஒண்ணு மனசுல இருக்குது. தோகைக்கு மட்டும் ஒரு 600 பல்பு ஆகும். முடியுமா?"

இந்த முறை நாலு பேர் முன்னால் இல்லை. தப்பித்திருக்கலாம்.

"இது என்ன பிரமாதம் மாமா" என்றேன்.