ஊறுவதற்கும் நேரம் வேண்டும்

இரவு பதினொரு மணிக்கு ரெலிபோன் அடித்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் திடுக்கிடுவதில்லை. யாருக்கோ சுகமில்லாமல் இருக்கும், அல்லது ஒரு வீட்டில் சண்டையாக இருக்கும். என் கணவர் பாலையூற்றில் ஒரு சிறிய சபையின் போதகர். 2003ஆம் ஆண்டு இங்கு வந்தோம். அடுத்த வருட டிசம்பரில் சுனாமி. பிறகு யுத்தம், இடப்பெயர்வு. “ஊழியக்காரனுக்கு ஏது லீவு?” என்பார் இவர். நானும் அதைப் பெருமையாகவே நினைத்தேன்.

2017ஆம் ஆண்டு ஒரு செத்தவீட்டில் ஜெபிக்க எழுந்தவர், இறந்தவரின் பெயரை மறந்து நின்றார். பத்து வருடமாகப் பழகிய மனிதர். வீட்டுக்கு வந்து, “எனக்கு இப்போது ஜெபமே வருவதில்லை, வாய்தான் சொல்கிறது” என்றார். அன்றிரவு மகள் கேட்டாள்: “அப்பா, எங்களோடு இருக்கிறதுக்கும் யாராவது உங்களைக் கூப்பிட வேணுமா?”

எங்கள் சபைச் சகோதரி ஒருவர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிப்பிக்கிறார். விரிவுரையாளர்களுக்கு ஏழு வருடச் சேவைக்குப் பிறகு ‘சபாட்டிக்கல்’ லீவு உண்டென்று அவர்தான் சொன்னார். அந்தச் சொல்லே வேதத்தின் ஓய்வுநாளிலிருந்து வந்தது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில், ஆறு வருடம் விதைத்த நிலத்துக்கு ஏழாம் வருடம் ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. மண்ணுக்கு உள்ளது மனிதனுக்கு இல்லையா? கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் பங்குத்தந்தைக்கு வருடத்தில் ஒரு மாதம் வரை விடுமுறை தருகிறது. பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபையில் போதகர்களுக்கு மூன்று மாத ஓய்வுக்காலம் உண்டு. எங்களைப் போன்ற சிறிய சபைகளில்தான் எந்த ஒழுங்கும் இல்லை.

மூப்பர்கள் கூடினார்கள். “இறைக்கிற கிணறுதான் பிள்ளை ஊறும்” என்றார் ஒரு ஆச்சி. அதுவரை கூட்டங்களில் வாய் திறக்காத நான் சொன்னேன்: “பகல் முழுக்க இறைத்தாலும் ராவில் கிணற்றைச் சும்மா விடுகிறோமே ஆச்சி. அப்போதுதானே ஊறுகிறது.” மூன்று மாதம் தந்தார்கள். ரெலிபோனை ஒரு மூப்பர் வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு கிழமையும் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. “இன்றைக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போனது?” என்று என்னைக் குடைவார். பிறகு நித்திரை வந்தது. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கியவரை எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னேரங்களில் மகளோடு உப்புவெளிக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினார்.

ஆனால் ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது. ஞாயிறு பாடசாலை, மாதர் ஐக்கியம், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் எல்லாம் என் கையிலேயே இருந்தன. ஒருநாள் குசினிக்குள் நின்று அழுதேன். போதகரம்மாவையும் கணக்கில் எடுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் கேட்டேன். பெண்கள் வேலைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு மாதம் நான் கடைசி வாங்கில் வெறுங்கையோடு இருந்து ஆராதித்தேன். வருடக்கணக்கில் அப்படி இருந்ததில்லை.

எல்லாம் நன்மையாக முடிந்ததென்று சொல்லமாட்டேன். இரண்டு குடும்பங்கள் குறைப்பட்டு வேறு சபைக்குப் போய்விட்டன. ஆனால் நோயாளிகளைச் சந்திக்கவும் ஜெபிக்கவும் மற்றவர்கள் பழகினார்கள். எல்லா வழக்கையும் நீயே சுமக்காதே என்று மோசேக்கு அவருடைய மாமனார் சொன்ன புத்தி, எங்கள் சபைக்கும் பொருந்தியது. இவர் திரும்பி வந்தபோது பிரசங்கம் சுருங்கியிருந்தது. கேட்கிற காது கூடியிருந்தது. இப்போது திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு ஓய்வுநாள்.

சகோதரிகளே, உங்கள் போதகரோ பங்குத்தந்தையோ கடைசியாக எப்போது ஓய்வெடுத்தார் என்று சபையில் கேளுங்கள். அங்கே ஒரு போதகரம்மா இருந்தால், அவரைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள்.