உறைபனிக்கு இன்னும் எத்தனை நாள்?

அமெரிக்காவில் 'ஃபால்' என்றால் இலையுதிர்காலம். செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை. மரமெல்லாம் இலையைக் கொட்டுகிற நேரத்தில் யாராவது தோட்டம் போடுவார்களா என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். 'ஃபால் கார்டன்' என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. ஆனால் ஒரு விஷயம். விளைவதுதான் ஃபாலில், விதைப்பதெல்லாம் பெரும்பாலும் ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும், வெயில் மண்டையைப் பிளக்கும்போது.

இந்தத் தோட்டத்துக்கு ஒரே முதலாளி, முதல் உறைபனி. நியூஜெர்சியின் நடுப்பகுதியில் அது வழக்கமாக அக்டோபர் நடுவிலிருந்து மாதக் கடைசிக்குள் வந்துவிடும். ஒரு ராத்திரி வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போதும். வெண்டை, தக்காளி, கத்தரி, பாகல் எல்லாம் மறுநாள் வெந்த கீரை மாதிரி தொங்கிவிடும். கேரட், ஸ்பினாச், கேல் கீரை இதெல்லாம் சாகாது. ஆனால் பகலும் குறைந்து குளிரும் ஏறிவிட்டால் அவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்.

அதனால் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். விதை பாக்கெட்டில் எத்தனை நாளில் விளையும் என்று அச்சடித்திருப்பார்கள். முள்ளங்கிக்கு 25 முதல் 30 நாள், ஸ்பினாச்சுக்கு 40 முதல் 50, கேரட்டுக்குச் சுமார் 70. இதோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ள வேண்டும், குறைகிற பகலில் செடி மெதுவாக வளரும் என்பதற்காக. உறைபனி அக்டோபர் 20 என்று வைத்தால், கேரட்டுக்கு 84 நாள் பின்னால் போக வேண்டும். விடை ஜூலை 28. ஃபிக்சட் டெபாசிட்டில் முதிர்வுத் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு, பணம் கட்டும் தேதியைத் தேடுகிற மாதிரி!

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் மே மாதத் தொடக்கத்தில் மகன் வீட்டுக்கு நியூஜெர்சி வந்தார். விசிட்டர் விசாவில் வருபவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது ஆறு மாதம். வந்த வாரமே கொல்லையைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா, ரெஸ்ட் எடுங்கப்பா. எல்லாம் கடையிலயே கிடைக்குது."

"கடையில கிடைக்குதுன்னா ஊர்ல நெல்லு ஏன்டா போடுறோம்?"

பாக்கெட்டில் இருந்த நாள் கணக்கை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்து, 155 நாள் ரகமா, 135 நாள் ரகமா, 110 நாள் ரகமா என்று முடிவெடுத்தே வயதானவர் அவர். அங்கே தண்ணீர், இங்கே உறைபனி. அவ்வளவுதான் வித்தியாசம்.

சண்டை வந்தது வெண்டையில். ஜூலை கடைசியில் வெண்டை நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தது. அவரோ பாதிச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கேரட் விதைக்க வேண்டும் என்றார். "காய்க்கிற செடியை யாராவது பிடுங்குவாங்களா மாமா?" என்று மருமகள் கேட்டார். நியாயமான கேள்விதான். ஃபால் தோட்டத்துக்கு முக்கியமான செலவு விதையோ உரமோ இல்லை, இடம். கோடைப் பயிர் உச்சத்தில் இருக்கும்போதுதான் அதன் இடத்தைக் கேட்கும். காமர்ஸ் பாடத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பக்கத்துக்குப் படிப்பதை ஒரு வெண்டைச் செடி ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடும் :-)

கடைசியில் பாதி வெண்டை போனது, பாதி தப்பித்தது.

ஆகஸ்டில் போட்ட ஸ்பினாச் முளைக்கவே இல்லை. மண் அதிகம் சூடாக இருந்தால் அந்த விதை சரியாக முளைக்காது. செப்டம்பர் முதல் வாரம் மறுபடி விதைத்து, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தி, முளை தெரிந்ததும் எடுத்தார். நெல்லை முளைகட்ட ஊரில் செய்கிற அதே வேலை. இந்த முறை வந்துவிட்டது.

பூக்களுக்கும் கணக்கு உண்டு. செண்டுப்பூ உறைபனி வரைதான். சரஸ்வதி பூஜைக்கு மாலை கட்டக் கிடைத்தது. சாமந்தி ராத்திரி நீள நீளத்தான் மொட்டு வைக்கும், அதனால் அங்கே அது ஃபாலின் பூ. பான்சி என்று ஒரு சின்னப் பூச்செடி. செப்டம்பரில் நட்டால் குளிரைத் தாங்கி வசந்தத்தில் மறுபடி பூக்கும்.

அக்டோபர் கடைசியில் உறைபனி வந்தது. மிச்சமிருந்த வெண்டையும் செண்டுப்பூவும் ஒரே ராத்திரியில் போயின. கேரட்டும் கேல் கீரையும் முன்பைவிட இனித்தன. குளிரில் இந்தச் செடிகள் தம்மிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. சர்க்கரை கலந்த நீர் சீக்கிரம் உறையாது. செடி தன் உயிரைக் காப்பாற்றச் சேர்த்தது, சாப்பிடுகிறவர்களுக்கு ருசி.

உறைபனிக்கு ஒரு வாரம் முன்பு அவர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். நாற்பது பூண்டுப் பற்களை, கூர்முனை மேலே இருக்கும்படி, அரை அடி இடைவெளியில் ஊன்றி, உதிர்ந்த இலையால் மூடினார். மன்னார்குடியில் அவர் பூண்டு போட்டதே இல்லை. அதற்குக் குளிர் வேண்டும். குளிர் போதாவிட்டால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும். தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் மலைகளில்தான் அது நன்றாக வரும். அக்டோபரில் ஊன்றியது விளைய அடுத்த ஜூன் கடைசி, ஜூலை ஆகும். அவருடைய விமானமோ நவம்பர் முதல் வாரம்.

"நீங்க அப்ப இங்க இருக்க மாட்டீங்களே மாமா?"

"நான் இல்லாட்டி பூண்டு விளையாதாம்மா?"

விளைந்தது. ஜூலையில் அடி இலைகள் காய்ந்ததும் மகன் பிடுங்கி, கராஜில் கட்டித் தொங்கவிட்டு, வீடியோ காலில் காட்டினார். முப்பத்தாறு பூண்டு. அப்பா எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டார், எடையைக் கேட்டார். பிறகு, இருப்பதிலேயே பெரிய பூண்டுகளாக ஆறு எடுத்து, சமையலுக்குத் தராமல் அக்டோபருக்கு வைக்கச் சொன்னார்.

அந்த வாரமே மகன் கேரட் விதை வாங்கி வந்தார். வெண்டையில் எந்தப் பாதியைப் பிடுங்குவது என்று வீட்டில் மறுபடி பேச்சு ஆரம்பித்திருக்கிறது.