பாளை அருவாளும் மடக்குக் கத்தியும்

திருநெல்வேலிப் பக்கத்து அருவாள் என்றதும் பலருக்கு சினிமாதான் ஞாபகம் வரும். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், முதுகுப் பக்கமிருந்து சர்ரென்று உருவுவார். பின்னணியில் உடுக்கைச் சத்தம். ஆனால் அந்தச் சீமையில் அருவாளை தினமும், அதுவும் உயிரைப் பணயம் வைத்துப் பயன்படுத்தியவர்கள் வேறு ஆட்கள். அவர்களுக்கு எந்த சினிமாவிலும் பின்னணி இசை போட்டதில்லை.

உடன்குடி என்றால் கருப்பட்டி. திருச்செந்தூருக்குத் தெற்கே, தேரிச் செம்மண்ணும் பனையுமாகக் கிடக்கும் ஊர். உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சுக்குக் காப்பியில் அதைப் போட்டுக் குடிப்பவர்களுக்கு அதன் பின்னால் ஒரு கத்தி இருப்பது தெரியாது. அந்தக் கத்தியின் பெயர் பாளை அருவாள்.

இணையத்தில் கத்திப் பிரியர்கள் என்று ஒரு தனிக் கூட்டமே உண்டு. விபத்தில் சிக்கியவர்களை மீட்க உதவும் மடக்குக் கத்திகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாதாடுவார்கள். அலகை எப்படிச் சீவியிருக்கிறார்கள், ஒரே கையால் திறக்க முடியுமா, ஈரக் கையில் வழுக்குமா... இவைதான் அவர்களது கேள்விகள். கொஞ்சம் யோசித்தால், இதே கேள்விகளுக்கெல்லாம் பனையேறிகள் பல தலைமுறைக்கு முன்பே பதில் கண்டுபிடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள்.

முதலில் அலகு. கத்தியின் முதுகிலிருந்து விளிம்பு வரை இரும்பை எப்படி மெலிதாக்குகிறோம் என்பதில் மூன்று முக்கிய வகை உண்டு. பக்கங்களை உள்ளே குழிவாகச் சீவினால் விளிம்பு மிக மெல்லியதாகும். பழைய சவரக்கத்தி இப்படித்தான். கூர்மை அபாரம், ஆனால் கடினமான எதிலாவது பட்டால் பல் போய்விடும். பக்கங்களை நேராகச் சரித்தால் நடுத்தரம். சமையலறைக் கத்திகள் பெரும்பாலும் இந்த ரகம். வெளியே புடைத்த மாதிரி விட்டால் விளிம்புக்குப் பின்னால் சதை அதிகம் இருக்கும். கோடாலி மாதிரி அடி தாங்கும், ஆனால் மெல்லிசாக எதையும் சீவ வராது.

கூர்மையும் உறுதியும் ஒரே கத்தியில் முழுதாகக் கிடைக்காது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இதற்குப் பனையேறி கண்ட வழி ரொம்ப எளிது: இரண்டு அருவாள். காய்ந்த ஓலையும் மட்டையும் கழிக்க, கனமான மட்டை அருவாள். பாளை சீவ, மெல்லிய பாளை அருவாள். ஒன்றின் வேலையை மற்றதற்குக் கொடுப்பதில்லை.

பாளை அருவாள் ஏன் அவ்வளவு கூராக இருக்க வேண்டும்? பதநீர் வடிவது பாளையின் வெட்டுவாயிலிருந்து. அந்த வெட்டுவாய் காய்ந்து அடைபடும். அதனால் காலையும் மாலையும் ஏறி, ஒரு மெல்லிய சீவல் எடுத்துப் புது வாய் திறக்க வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். மொட்டை அருவாளால் அறுத்தால் பாளை நசுங்கும், வடிவது குறையும். ஆக, ஒரு வீட்டின் ஒரு பருவ வருமானம் அந்த விளிம்பின் மெல்லிசில் தொங்குகிறது.

வருமானம் மட்டுமா தொங்குகிறது? 60 அடி உயரத்தில், மட்டைகளுக்கு நடுவே காலை ஊன்றி நிற்கும் ஆளை நினைத்துப் பாருங்கள். ஒரு கை பாளையைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையில் அருவாள். மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. மொட்டைக் கத்தியென்றால் அழுத்தி அறுக்க வேண்டும். அழுத்தும்போது கத்தி சட்டென்று நழுவினால், கையோடு உடம்பும் அந்தப் பக்கம் போகும். தரையில் நிற்பவனுக்கு அது ஒரு தடுமாற்றம். மேலே நிற்பவனுக்கு அதுதான் கடைசி. "மொட்டைக் கத்திதான் ஆபத்து" என்று சமையலறையில் சொல்வதன் முழு அர்த்தம் பனை உச்சியில்தான் விளங்கும்.

சரி, அவ்வளவு கூரான அருவாளோடு எப்படி ஏறுவது, இறங்குவது? மடக்குக் கத்தி செய்பவர்கள் அலகைப் பிடிக்குள் மடித்தார்கள். பனையேறி, இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டிக்குள் வைத்தார். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கையும் மரத்துக்கு. தவறி விழ நேர்ந்தாலும் அலகு உடம்பில் பாயாது. வேலை முடிந்த அந்த நொடியே கத்தி பெட்டிக்குள். பெட்டிக்கு ஒரு வசதி கூடுதல்: மடக்குக் கத்தியில் பூட்டு பழுதானால் அலகு விரல்மேலேயே மடங்கும். அருவாளில் மடங்க எதுவுமில்லை.

இப்போது மீட்புக் கத்தி. இதன் எதிரி பாளையல்ல, சீட் பெல்ட். இறுக நெய்த செயற்கை இழைப் பட்டை. வழுவழுப்பான விளிம்பு அதன்மேல் சறுக்கும். அதனால்தான் பல மீட்புக் கத்திகளில் ரம்பம் போன்ற பற்கள். பல் இழையைக் கவ்விப் பிடித்து அறுக்கும். ஆனால் அதே பல்லால் பாளையைச் சீவினால் பிய்த்து எறிந்துவிடும்!

முனையும் கவனிக்க வேண்டியது. நல்ல மீட்புக் கத்திக்குக் கூர்முனை இருக்காது, மழுங்கிய மூக்கு. அறுக்க வேண்டியது பெல்ட்டை, உள்ளே மாட்டியிருப்பவரின் வயிற்றை அல்ல. இன்னும் பாதுகாப்பானது கொக்கி மாதிரியான வெட்டி. அதில் விளிம்பு உட்பக்கம் ஒளிந்திருக்கும், பெல்ட் மட்டும்தான் உள்ளே நுழையும். பதற்றத்தில் கை நடுங்கும் சாதாரண ஆளுக்கு இதுதான் சரி. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் ரெஸ்க்யூ டூலில் இந்த வெட்டியோடு ஜன்னல் உடைக்கும் முனையும் கண்ணாடி அறுக்கும் ரம்பமும் உண்டு. ரம்பம் எதற்கு என்றால், காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. தட்டினால் விரிசல் விடுமே தவிர உதிராது.

ஒரே கையால் திறப்பது அடுத்தது. ஸ்பைடெர்கோ நிறுவனம் 1981-ல் அலகில் வட்டத் துளை போட்டது. கட்டைவிரலை அதில் வைத்துத் தள்ளினால் கத்தி திறக்கும். இன்னொரு கை அடிபட்டவரைத் தாங்கியிருக்கும் அல்லவா? பனை உச்சியில் பாளையைப் பிடித்திருக்கும் அதே கைக் கணக்குதான் இது.

கடைசியாக இரும்பு. உள்ளூர்ப் பட்டறைகளில் அருவாள் அடிக்கப் பெரும்பாலும் எடுப்பது பழைய லாரிப் பட்டா. கார்பன் உள்ள நல்ல எஃகு. தீட்டினால் விளிம்பு ஏறும், எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறும். பக்கத்தில் மணப்பாடு, குலசேகரன்பட்டினம் கடற்கரை. உப்புக்காற்றுக்கு விடுமுறையே கிடையாது. கடலில் வலை சிக்கினால் அறுக்கும் கத்திக்கு ஹெச்-1 போன்ற எஃகுகள் வந்திருக்கின்றன. கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்ததால் உப்புத் தண்ணீரிலும் துருப்பிடிக்காது. ஆனால் பாளை அருவாளுக்குத் துரு பெரிய பிரச்சினையல்ல. தினமும் தீட்டும் கத்தியில் துரு உட்கார நேரமேது?

ஆக, எது சிறந்த கத்தி என்ற கேள்வியே தப்பு. யார் கையில், எந்த நொடியில், எதை அறுக்க என்பதுதான் கேள்வி. கார் வைத்திருப்பவர் ஒரு கொக்கி வெட்டியைக் கை எட்டும் இடத்தில் வைக்கலாம். டிக்கியில் வைத்தால் பிரயோஜனமில்லை. முதலில் பக்கிளை அழுத்திப் பார்த்துவிட்டு, அது சிக்கினால் மட்டும் வெட்டியை எடுக்க வேண்டும்.

பனையேறிக்கோ மீட்க வருபவர் என்று யாரும் மேலே இல்லை. காலில் தளைநார், கையில் அருவாள், இடுப்பில் பெட்டி, அவ்வளவுதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சொன்னது. மரத்துக்குக் காவல் வந்தது நல்லதே. ஏறுகிற மனிதருக்கு மட்டும் இன்றைக்கும் அவர் தீட்டிய விளிம்புதான் காவல்.

அடுத்த முறை கருப்பட்டியை உடைத்து வாயில் போடும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.