அனகாபுத்தூர் என்றால் வெள்ளம் மட்டும்தானா?

ஊரப்பாக்கத்தில் 'அடையாறு எங்கே இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பஸ் டெப்போவுக்கு வழி சொல்வார்கள். ஆனால் அந்த ஆறு தொடங்குவதே நம் பக்கத்து ஆதனூர் ஏரியில்தான். முடிச்சூர், திருநீர்மலை தாண்டி, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. திருநீர்மலைக்கு அடுத்து அதன் கரையில் இருக்கும் பழைய ஊர்தான் அனகாபுத்தூர். தனி நகராட்சியாக இருந்தது, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது.

எங்கள் டெஸ்க்குக்கு இந்தப் பெயர் வருவது இரண்டே விஷயத்துக்கு. ஒன்று, வெள்ளம். 2015 டிசம்பரில் (அப்போது நான் ஸ்கூல்) செம்பரம்பாக்கம் உபரிநீரும் சேர்ந்து வந்து ஊரையே மூழ்கடித்தது. இன்னொன்று, ஆற்றோர வீடுகளை இடிப்பது. 2025 மே மாதம்கூட நடந்தது.

ஆனால் இந்த ஊரின் நிஜமான கதை தறியில் இருக்கிறது. இங்கே நெய்த கட்டம் போட்ட துணி 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்ற பெயரில் கப்பலேறி நைஜீரியா போனது. பெயரைப் பார்த்துக் கைக்குட்டை என்று நினைக்காதீர்கள், உடுத்துகிற துணி. நைஜர் டெல்டாவில் வாழும் கலாபாரி மக்களுக்கு மெட்ராஸ் துணி என்றால் உயிர். அதை 'இஞ்சிரி' என்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கட்டத் துணியில் நூலை ஒவ்வொன்றாக வெட்டி உருவி, புது டிசைனே கொண்டுவந்துவிடுவார்களாம். கடல் தாண்டி இன்னொரு ஆற்றுக்கரையில் நம்ம துணிக்கு அப்படி ஒரு மரியாதை!

1970களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அதோடு ஆர்டர் படுத்தது. பல குடும்பங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தவர்களில் சிலர் வாழைநார், கற்றாழை நாரையெல்லாம் எடுத்துச் சேலை நெய்து காட்டினார்கள். பேட்டி, போட்டோ எல்லாம் வந்தது. பாராட்டு வந்த அளவுக்கு விற்பனை வந்திருந்தால் இளைஞர்கள் ஏன் கம்பெனி வேனுக்குக் காத்திருக்கப் போகிறார்கள்?

பல்லாவரத்தில் திரும்பி பம்மல் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். இப்போது அங்கே கண்ணில் படுவது அடுக்குமாடி விளம்பரங்கள்தான். குழித்தறிக்குத் தரையில் குழி வெட்ட வேண்டும். மூணாவது மாடியில் எங்கே வெட்டுவது?