தார் வீதிக்கும் சேற்றுப் பாதைக்கும் ஒரு வண்டி

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, கல்லூரிக் காலத்து நினைவுகளையே எழுதுவோமென எதிர்பார்த்திருப்பர். எம் ஆசிரியப் பெருமக்களைப் பற்றி எழுத எம்மினும் தகுதியுடையார் பலர் உளர். கடைசி வாங்கில் அமர்ந்து, வெளியே செல்லும் மோட்டார் சைக்கிளின் ஒலியைக் கேட்டே இன்ன வண்டியெனச் சொல்லும் வல்லமை ஒன்றுதான் அக்காலத்தில் எமக்கு வாய்த்திருந்தது. ஆதலால் அப்பொருளையே எடுத்துக்கொள்கின்றோம். பௌதிக ஆசிரியர் பொறுத்தருள்வாராக.

நாம் குடியிருப்பது ஜிந்துப்பிட்டியில், சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கு அண்மையிலுள்ள ஒடுங்கிய சந்தொன்றில். எம் தாய்மாமனுடைய காணியோ ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரத்தில் உள்ளது. போரினால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த மாமா 2010ஆம் ஆண்டில் அக்காணிக்கு மீண்டார். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டமையால், மாதம் ஒருமுறையேனும் அவரைப் பார்த்துவரும் கடமை எம்முடையதாயிற்று. மோட்டார் சைக்கிளுக்கு அதிவேக நெடுஞ்சாலையில் இடமில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா என ஊரூராகவே செல்லல் வேண்டும். மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டானை அடையும்வரை ஏறக்குறைய 325 கிலோமீற்றர். அதற்குமேல் 11 கிலோமீற்றர் மண்பாதை. கோடையில் அது புழுதி. வாடைக்காற்று மழை தொடங்கிவிட்டாலோ களியும் குளமும் கலந்த ஒன்று.

இத்தகைய இரட்டை வழிக்கென்றே சிலவகை வண்டிகள் செய்யப்படுகின்றன. நம் நாட்டில் அவற்றை ‘ட்ரெயில் பைக்’ என்பர். 1968இல் யமஹா நிறுவனத்தார் வெளியிட்ட ‘டீ.டி. 1’ என்னும் 250 சி.சி. வண்டி இவ்வினத்தைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. முன்சக்கரம் பெரும்பாலும் 21 அங்குலம். பெரிய சக்கரம் சிறு குழியில் விழாது அதன்மேல் உருண்டுவிடும். சக்கரங்களுக்குக் கம்பி ஆரங்களே உண்டு. வார்ப்புச் சக்கரம் கல்லில் மோதினால் வெடிக்கும், கம்பியாயின் வளைந்து கொடுக்கும், பின்னர் நிமிர்த்திக் கொள்ளலாம். அடிவயிறு தரையினின்றும் உயர்ந்திருக்கும். ரயர் ஒன்றில் மட்டும் எவருக்கும் விமோசனமில்லை. கட்டைகட்டையாக வெட்டிய ரயர் சேற்றைப் பற்றும். மழை நனைத்த தாரில் வழுக்கும், விரைவில் தேய்ந்தும் போம். வீதி ரயரோ சேற்றைக் கண்டதும் கைகூப்பிவிடும்.

2012இல் நாம் வாங்கியது பழையதொரு பெரிய வண்டி. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை; வண்டியின் மீது குற்றமுமில்லை. எடை 190 கிலோ. புத்தளம் வீதியில் அது ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இன்றும் உள்ளம் பூரிக்கின்றது. எதிரே வரும் பேருந்தின் காற்று அதனை அசைக்கவில்லை. அநுராதபுரத்தில் தேநீர் அருந்த இறங்கியபோது முதுகில் ஒரு நோவும் இருக்கவில்லை.

அவ்வாண்டு கார்த்திகையில், மாமாவின் கண் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சொட்டு மருந்துடன் சென்றோம். மண்பாதையில் ஏழாவது கிலோமீற்றரளவில், பொழுதுபடும் வேளையில், முன்சக்கரம் களியில் வழுக்கி வண்டி இடப்புறமாகச் சாய்ந்தது. எமக்கு அடியேதுமில்லை. விழுந்த வண்டியைத் தூக்கும் முறையை நாம் அறிவோம்: இருக்கையில் முதுகைச் சார்த்தி, கைபிடியை ஒரு கையாலும் சட்டத்தை மறு கையாலும் பற்றி, கால்களால் தரையை உந்திப் பின்னோக்கி நடத்தல் வேண்டும். உந்துவதற்குத் தரை வேண்டுமே! காலும் வழுக்கிற்று, வண்டியும் வழுக்கிற்று. மூன்றுமுறை முயன்றோம். பெற்றோல் சொட்டிற்று. தொலைபேசிக்கு அலை இல்லை. அது யானை நடமாடும் இடம். பாதையோரத்தில் முறிந்து கிடந்த கிளைகளை யார் முறித்தாரென்று எண்ண விரும்பாது வரம்பின்மீது அமர்ந்திருந்தோம். ஒன்றரை மணி நேரத்தின்பின் விறகேற்றிய லான்ட்மாஸ்டர் ஒன்று வந்தது. அதிலிருந்த இருவர் இறங்கி, ஒரு சொல்லும் கேளாது, வண்டியை நிமிர்த்தித் தந்தனர்.

அரிக்கன் விளக்குடன் படலையில் நின்ற மாமா எம் கோலத்தைப் பார்த்தார். “தம்பி, வண்டி உன்னைக் கொண்டுவந்ததோ, நீ வண்டியைக் கொண்டுவந்தாயோ?” என்றார்.

அடுத்த மாதமே அதனை விற்று, ஜப்பானிலிருந்து வந்த பழைய ‘சேரோ 225’ ஒன்றை வாங்கினோம். சேரோ என்பது அந்நாட்டு மலைகளில் வாழும் ஆட்டினத்தைச் சேர்ந்ததொரு விலங்கின் பெயர். 1985இல் முதன்முதல் வெளிவந்த இவ்வண்டி 110 கிலோவுக்கும் குறைவானது. உதிரிப்பாகம் வேண்டின் பஞ்சிகாவத்தையில் அரைநாள் அலைந்தால் கிடைத்துவிடும். சேற்றில் இதனுடன் எத்தனை முறை விழுந்தோமென்பதை எண்ணி வைக்கவில்லை, விழுந்தபோதெல்லாம் எழுந்தோம். ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. தார் வீதியில் அது ஒரு தண்டனை. மணிக்கு 80 கிலோமீற்றரைக் கடந்ததும் கைபிடி நடுங்கும். வவுனியாவை அடையுமுன் விரல்கள் மரத்துப்போம். இருக்கையின் அகலத்தைப் பற்றி ஒரு ஜுபிலி மலரில் எழுதுதல் முறையன்று.

பத்தாண்டுகள் அவ்வாறே சென்றன. 2022இல் எரிபொருள் அற்றுப்போயிற்று. யூலை மாதம் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே வழங்கப்பட்டது. லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடும் எம் வண்டி அதனைக்கொண்டு புத்தளத்தைத் தாண்டுவதே அரிது. ஆவணியில் மாமா காலமானார். பேருந்தில் இடங்கிடைத்துச் சென்று சேர்ந்தபோது காடாற்றும் முடிந்திருந்தது. வண்டி எதுவாயினும் அன்று பயன்பட்டிராது. அதனை அறிந்தும், வீட்டு நடையில் நின்ற சேரோவை நெடுநாள் நாம் ஏறிட்டும் பார்க்கவில்லை.

காணி இப்பொழுது எம் பொறுப்பில் இருக்கின்றது. எம் மகன் அங்கே தென்னை வைக்க விரும்புகின்றான். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்தில் மீண்டும் இடம்பெறலாயிற்று. அன்று முதல் எம் வீட்டில் பேச்செல்லாம் வண்டியே. அவன் விரும்பியது 2023இன் இறுதியில் வெளிவந்த ‘ஹிமாலயன் 450’: 40 பரிவலு, 17 லீற்றர்த் தொட்டி, எடை 196 கிலோ. நாம் சொன்னது 2019இல் வந்த ‘எக்ஸ்பல்ஸ் 200’: 18 பரிவலு, 13 லீற்றர், 154 கிலோ. இரண்டும் இந்தியாவில் ஆக்கப்படுபவை; இரண்டிற்கும் முன்சக்கரம் 21 அங்குலமே. எடையில் மட்டும் 42 கிலோ வேறுபாடு. ஒரு சீமெந்துப் பைக்குச் சற்றே குறைவு.

“அப்பா, 336 கிலோமீற்றரில் 325 தார். நீங்கள் 11 கிலோமீற்றருக்காகவா வண்டி தெரிவு செய்கின்றீர்கள்?” என்றான் மகன்.

கணக்கு அவன் பக்கமே. ஆயினும், அந்த 325 கிலோமீற்றரில் எங்கே விழுந்தாலும் தேநீர்க் கடையிலிருந்து நால்வர் ஓடிவருவர். எஞ்சிய பதினொன்றில் ஓடிவருவார் எவருமில்லை என்றோம். அவன் விடையிறுக்கவில்லை, உடன்படவுமில்லை.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒருவர் விற்கவிருந்த எக்ஸ்பல்ஸ் ஒன்றைப் பார்க்கச் சென்றோம். இயந்திரத்தின் ஒலி, சங்கிலி, ஆரக்கம்பிகள் யாவற்றையும் பார்த்தபின், வண்டியை முற்றத்துப் புல்லிற் சாய்த்துப் பார்க்கலாமோ என்று வினவினோம். உரியவரின் முகம் மாறிற்று. கீழே இரண்டு சாக்குகளை விரித்தபின்னரே இசைந்தார். முந்திய இரவு மழை பெய்திருந்ததால் புல் ஈரமாயிருந்தது. மகன் முதன்முயற்சியிலேயே நிமிர்த்தினான். பின்னர் அவனே வண்டியை மறுபடியும் சாய்த்து, ஒதுங்கி நின்று, “இனி நீங்கள்” என்றான். எமக்கு இரண்டு முறை வேண்டியிருந்தது.

விலை பேசி முடித்தோம். சேரோவை விற்க மனமில்லை. ஆகவே இரண்டும் வீட்டு நடையில் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன, வருவோர் பக்கவாட்டில் நுழைகின்றனர். சேற்றில் இழுவை போதாதென்று, ஒரு பல் குறைந்த முன் பற்சக்கரம் தேடி மகன் பஞ்சிகாவத்தைக்குப் போயிருக்கின்றான். தென்னங்கன்றுகளை மழைக்குமுன் கொண்டு சேர்க்க வேண்டும்.